யானைக்கால் ஒழிப்பு: மாத்திரை செய்ததும் செய்யாததும்

கும்பகோணம், காஞ்சிபுரம், சைதாப்பேட்டை என்ற பெயர்களைச் சொன்னால் கோயிலும் பட்டும் நினைவுக்கு வருவதற்கு முன்பே யானைக்கால் நினைவுக்கு வந்த காலம் ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது. அந்த ஊர்களில் பெண் எடுக்கத் தயங்கினார்கள். அங்கே தண்ணீர் குடித்தாலே கால் வீங்கும் என்று நம்பினார்கள். இன்று சென்னையின் மேற்குப் புறநகரில் வளரும் பிள்ளைகள் பலருக்கு இந்த நோய் பாடப்புத்தகத்துப் படமாக மட்டுமே தெரியும். ஒரு தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது.

இதற்கு அரசும் உலக சுகாதார நிறுவனமும் முதன்மையாகச் சொல்லும் காரணம், ஆண்டுக்கு ஒருமுறை நோயுள்ளவர் இல்லாதவர் என்ற வேறுபாடு பார்க்காமல் ஊர் முழுவதற்கும் கொடுத்த மாத்திரை. அந்தக் கூற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு விடுபாடு என்று எடைபோட வேண்டியிருக்கிறது. எடைபோட ஏற்ற இடமாக எனக்குப் படுவது அம்பத்தூரை அடுத்த மேனாம்பேடு. 2011 வரை அம்பத்தூர் நகராட்சிக்குள் இருந்து, அந்த ஆண்டு சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தது அது. ஒருபுறம் தொழிற்பேட்டை, இன்னொருபுறம் ஏரிகள், நடுவில் நெருக்கமான வீடுகள், மழைநீர் வடிகாலில் கழிவுநீரும் கலந்து தேங்கும் தெருக்கள், வட மாநிலத் தொழிலாளர்கள் ஓர் அறையில் பலராகத் தங்கும் குடியிருப்புகள். யானைக்கால் ஒழிப்பின் வலிமையும் பலவீனமும் இப்படிப்பட்ட இடத்தில்தான் ஒருசேரத் தெரியும்.

நோயின் நடப்பை முதலில் பார்த்துவிடலாம். உச்செரேரியா பான்கிராஃப்டி என்ற நூல்போன்ற புழு மனிதரின் நிணநீர் நாளங்களில் குடியிருக்கிறது. ஐந்தாறு ஆண்டுகள் வரை அது நுண்புழுக்களை ஈன்றுகொண்டே இருக்கும். அந்த நுண்புழுக்கள் பகலில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் ஒதுங்கி, இரவு பத்து மணிக்கு மேல் தோலுக்கடியில் ஓடும் ரத்தத்துக்கு வரும். சாக்கடைக் கொசுவான க்யூலெக்ஸ் கடிக்கும் நேரமும் அதுதான். கொசுவின் உடலுக்குள் நுண்புழு வளர்ந்து, அடுத்தவரின் தோல் வழியே உள்ளே போகும். ஒரே ஒரு கடியில் நோய் வருவதில்லை. ஆண்டுக்கணக்கில் நூற்றுக்கணக்கான தொற்றுக்கடிகள் பட்ட பிறகே புழு நிலைகொள்ளும். இந்த மந்தமான பரவல்தான் ஒழிப்புத் திட்டத்துக்கு அடிப்படை. ஊரிலுள்ள பெரும்பாலோரின் ரத்தத்தில் நுண்புழு இல்லாமல் சில ஆண்டுகள் வைத்திருந்தால், வயதான புழுக்கள் தாமாகச் சாகும், புதியவை நுழையாது.

1955-இல் தொடங்கிய தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் வேறு வழியில் போனது. இரவில் வீடுவீடாகப் போய் விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, நுண்புழு இருந்தவருக்கு மட்டும் அதைக் கொல்லும் டி.இ.சி. மாத்திரையைப் பன்னிரண்டு நாள் கொடுப்பது, கூடவே சாக்கடையில் கொசுப்புழுவுக்கு மருந்து தெளிப்பது. பல நகரங்களில் யானைக்கால் கட்டுப்பாட்டுப் பிரிவுகள் இயங்கின. ஆனால் அந்த முறை நகராட்சி எல்லையோடு நின்றது, கிராமங்களை எட்டவில்லை. பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டி ரத்தம் கேட்கும் ஊழியர் ஓர் இரவில் எத்தனை வீடு ஏற முடியும்? பன்னிரண்டு நாள் மருந்து கொடுத்தாலும் ஒரு வேளை மட்டும் கொடுத்தாலும் ஓராண்டு கழித்து ரத்தத்தில் நுண்புழு ஏறத்தாழ ஒரே அளவுக்குக் குறைந்திருக்கிறது என்று ஆய்வுகள் காட்டியபோது வழி மாறியது. 1996-இல் கடலூர் மாவட்டத்தில் ஒற்றைவேளை டி.இ.சி.யை எல்லோருக்கும் கொடுக்கும் முயற்சி தொடங்கியது. அடுத்த ஆண்டு உலக சுகாதார மன்றம் யானைக்கால் ஒழிப்புத் தீர்மானத்தை நிறைவேற்றியது. உலகத் திட்டம் 2000-இல் பிறந்தது. இந்தியா முழுவதும் 2004-இல் பெரிய அளவில் விரிந்தது. தமிழ்நாடு இதில் பின்னால் வந்த மாநிலம் அல்ல, முன்னே போனது.

இந்த அறிவியலிலும் சென்னைக்குப் பங்கு உண்டு. சேத்துப்பட்டில் இருந்த காசநோய் ஆராய்ச்சி மையத்தின் வி. குமாரசுவாமியும் அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தின் எரிக் ஆட்டசனும் சேர்ந்து ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி மருந்தை யானைக்கால் நோயாளிகளிடம் சோதித்தது இந்த ஊரில்தான். அதன் முடிவுகள் 1988-இலும் 1990-இலும் உலகின் முன்னணி மருத்துவ இதழ்களில் வந்தன. அதே ஐவர்மெக்டின், டி.இ.சி.யோடும் ஆல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தோடும் சேர்ந்து மும்மருந்தாக 2018 டிசம்பரில் பீகாரின் அர்வால் மாவட்டத்தில் ஊர்மக்கள் அனைவருக்குமாகப் போய்ச் சேர்ந்தது. முப்பது ஆண்டு இடைவெளி. அந்த மருந்து முன்பே வந்திருந்தால் எத்தனை சுற்றுகள் மிச்சமாகியிருக்கும் என்ற கேள்வி எனக்கு அடிக்கடி எழும்.

இப்போது சான்றுகளுக்கு வருவோம். மாத்திரை கொடுத்தார்கள், நோய் குறைந்தது என்பதால் மாத்திரைதான் குறைத்தது என்று ஆகிவிடாது. அதே ஆண்டுகளில் வீடுகளுக்கு மின்விசிறி வந்தது, கொசுவர்த்தி வந்தது, வேலைக்காக மக்கள் இடம்பெயர்ந்தார்கள், பாசனமும் கிணறுகளும் மாறின. இவற்றையெல்லாம் தாண்டி மாத்திரையின் பங்கைப் பிரித்துக் காட்ட ஒப்பீடு வேண்டும். அந்த ஒப்பீடு நம்மிடம் இருக்கிறது என்பதே இந்த விவாதத்தில் மிக முக்கியமான செய்தி. புதுச்சேரியில் இயங்கும் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1994 முதல் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் டி.இ.சி. கொடுத்த ஊர், ஐவர்மெக்டின் கொடுத்த ஊர், மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்த ஊர் என்று பிரித்துச் சோதனை நடத்தியது. கே.டி. ராமையா, பி.கே. தாஸ் முதலானோர் எழுதிய அந்த ஆய்வுகளில் மருந்து பெற்ற ஊர்களில் ரத்தத்திலும் கொசுவிலும் புழு வெகுவாகக் குறைந்தது, போலி மாத்திரை ஊர்களைவிடத் தெளிவாகக் குறைந்தது. டி.இ.சி. ஐவர்மெக்டினுக்குச் சற்றும் சளைக்கவில்லை. ஆக மாத்திரை வேலை செய்கிறது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. யாராவது இதைப் பயனற்ற செலவு என்றோ மருந்து நிறுவனங்களின் சூழ்ச்சி என்றோ சொன்னால், விழுப்புரத்துப் போலி மாத்திரை ஊர்களின் முடிவுகளுக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. பத்துச் சுற்று மாத்திரை கொடுத்த பிறகும் சில ஊர்களில் தொற்று மிச்சம் இருந்தது. ஐந்து சுற்று போதும் என்று கணக்குப் போட்டவர்களுக்கு இது பெரிய எச்சரிக்கை. ஏன் மிச்சம் இருந்தது? சில ஊர்களில் தொடக்கத்திலேயே தொற்று அதிகம், கொசுவும் அதிகம். மற்றது, மாத்திரை பெற்றவர்கள் எல்லோரும் அதை விழுங்கவில்லை.

இந்தக் கடைசிக் காரணத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், திட்டத்தின் ஆகப்பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. வயது வந்தவருக்கு 100 மில்லிகிராம் டி.இ.சி. மூன்று, ஆல்பெண்டசோல் ஒன்று. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கடும் நோயாளிகளுக்கும் கிடையாது. மொத்த மக்களில் குறைந்தது 65 விழுக்காட்டினர் ஒவ்வொரு சுற்றிலும் விழுங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. களத்தில் நடந்தது என்ன? சுகாதார ஊழியரோ அங்கன்வாடிப் பணியாளரோ வீட்டுக்கு வருவார், நான்கு பேருக்கான மாத்திரையை வீட்டில் இருப்பவரிடம் கொடுத்து, பதிவேட்டில் நான்கு என்று எழுதுவார். சாப்பிட்ட பிறகு விழுங்கச் சொல்வார். குடும்பத் தலைவர் வேலை முடிந்து வருவார். யாருக்கும் காய்ச்சல் இல்லை, கால் வீங்கவில்லை, எதற்கு மருந்து? மாத்திரை அலமாரியில் தங்கும். தமிழ்நாட்டுத் திட்டத்தை 2000-ஆம் ஆண்டு ஆராய்ந்த கட்டுரையே கொடுத்ததற்கும் விழுங்கியதற்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை எடுத்துக்காட்டிவிட்டது. அதை எழுதியவர்களில் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையின் என்.சி. அப்பாவுவும் ஒருவர். தன் குறையைத் தானே அளந்து வெளியிட்ட துறையைப் பாராட்டுகிறேன். கண்ணெதிரே விழுங்க வைக்கும் முறை இந்தியாவில் கண்டிப்பான விதியாவதற்கு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆனது. அந்தத் தாமதத்தை மன்னிக்க என்னால் முடியவில்லை.

மேனாம்பேடு போன்ற தொழிற்பேட்டைப் பகுதியில் இது இன்னும் கூர்மையாகிறது. பகலில் ஊழியர் வரும்போது வீட்டில் இருப்பவர்கள் பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும். ரத்தத்தில் நுண்புழு அதிகம் இருக்கக்கூடிய வயதினரான உழைக்கும் ஆண்கள் ஷிப்டில் இருப்பார்கள், அல்லது இரவு ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே ஆட்கள் தப்பினால், மொத்தக் கணக்கு எழுபது எண்பது விழுக்காடு என்று காட்டினாலும், கொசுவுக்குத் தேவையான ரத்தம் அப்படியே இருக்கும். வாடகை வீட்டில் ஆறு மாதம் இருந்து மாறும் குடும்பங்கள் எந்தப் பதிவேட்டிலும் சரியாக ஏறுவதில்லை. கிராமத்துக்காக வகுத்த முறையை நகரத்துக்கு அப்படியே கொண்டுவந்தது தவறு. தொழிற்சாலை வாசலிலும் மாலை நேரத்திலும் கொடுத்திருக்க வேண்டும்.

மக்கள் தயங்கியதை அறியாமை என்று ஒதுக்குவதும் எனக்கு ஏற்பில்லை. டி.இ.சி. விழுங்கிய பிறகு சிலருக்குக் காய்ச்சல், தலைவலி, வாந்தி வரும். நுண்புழுக்கள் சாகும்போது உடல் காட்டும் எதிர்வினை அது. புழு இருப்பவருக்கே பெரும்பாலும் வரும், ஓரிரு நாளில் போய்விடும். இதை முன்கூட்டியே சொல்லி, அன்று இரவு யாரை அழைப்பது என்று ஒரு எண்ணைக் கொடுத்திருந்தால் பாதி அச்சம் குறைந்திருக்கும். நோயில்லாத ஒருவரை அடுத்தவர் நலனுக்காக மருந்து விழுங்கச் சொல்கிறோம். அது நியாயமான வேண்டுகோள்தான். ஆனால் வேண்டுகோள் வைப்பவருக்கு விளக்கும் கடமையும் பின்விளைவைக் கவனிக்கும் கடமையும் உண்டு.

ஆல்பெண்டசோலைப் பற்றி ஒரு சொல். டி.இ.சி.யோடு அதைச் சேர்த்தால் யானைக்கால் புழு கூடுதலாகச் சாகும் என்ற நம்பிக்கையில் 2007 முதல் இந்தியத் திட்டத்தில் அது சேர்ந்தது. மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட மறுஆய்வு, ஆல்பெண்டசோலைச் சேர்ப்பதால் ரத்தத்தில் நுண்புழு குறைவதில் வேறுபாடு மிகச் சொற்பம் அல்லது இல்லை என்றே முடிவு சொன்னது. குடற்புழு போனது குழந்தைகளுக்கு நன்மைதான். ஆனால் அந்த நன்மையை யானைக்கால் ஒழிப்பின் கணக்கில் எழுதக் கூடாது.

இனி மாத்திரையை நிறுத்தலாமா என்று முடிவுசெய்யும் தேர்வுக்கு வருவோம். ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளின் விரல்நுனி ரத்தத்தில் புழுவின் எதிர்ச்செனி (ஆன்டிஜென்) இருக்கிறதா என்று அட்டையில் சோதிக்கிறார்கள். மாத்திரை ஆண்டுகளில் பிறந்த குழந்தையிடம் புழு இருந்தால் பரவல் இன்னும் நடக்கிறது என்று பொருள். க்யூலெக்ஸ் பரப்பும் இடங்களில் அது 2 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நிறுத்தலாம். பிறகு இரண்டு மூன்று ஆண்டு இடைவெளியில் இருமுறை திரும்பச் சோதிக்க வேண்டும். தமிழ்நாட்டின் நோய் மாவட்டங்கள் இந்தத் தேர்வில் தேறியதால்தான் இங்கே மாத்திரை நின்றது. தேறியது உண்மை. தேர்வு போதுமானதா என்பதே என் கேள்வி.

இலங்கையைப் பார்ப்போம். கொழும்பு, கம்பஹா, களுத்துறை, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை, குருநாகல், புத்தளம் என்ற எட்டு மாவட்டங்களில் 2002 முதல் 2006 வரை ஐந்து சுற்று கொடுத்தார்கள். 1947 முதல் இயங்கும் யானைக்கால் எதிர்ப்பு இயக்கம் அதற்கு முதுகெலும்பு. 2016-இல் உலக சுகாதார நிறுவனம் ஒழிப்பை உறுதிசெய்தது. தெற்காசியாவுக்கே பெருமை அது. ஆனால் மாத்திரை நின்று ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த விரிவான ஆய்வில் காலி மாவட்டக் கரையோரத்தில், குழந்தைகள் தேர்வில் தேறிய பகுதியிலேயே, பெரியவர்களின் ரத்தத்திலும் கொசுக்களிலும் புழுவின் தடயம் கிடைத்தது. அமெரிக்கச் சமோவா இதைவிடக் கசப்பான பாடம். அங்கே 2011-இலும் 2015-இலும் தேறினார்கள், 2016-இல் தோற்றார்கள், மாத்திரைக்குத் திரும்பினார்கள். அங்கே பரப்புவது வேறு கொசு என்பது சரிதான். ஆனால் குழந்தையின் ரத்தம் மட்டும் போதாது என்ற பாடம் எல்லா ஊருக்கும் பொது. பிடித்த கொசுவின் உடலில் புழுவின் மரபணுவைத் தேடும் முறையைப் புதுச்சேரி மையம் கடலூர் மாவட்டத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறது. ஊசி வேண்டாம், நள்ளிரவில் கதவு தட்ட வேண்டாம். சென்னையின் மேற்குப் புறநகரில் இதை வழக்கமான கண்காணிப்பாக ஆக்குவதற்குத் திறமையோ ஆய்வகமோ இங்கே பற்றாக்குறை இல்லை.

கொசுவைச் சொன்னால் திருக்கோவிலூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த சுனீஷ், ராஜேந்திரன், ரூபன் முதலானோர் அங்கே சில கிராமங்களில் மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். வேறு சில கிராமங்களில் மாத்திரையோடு கழிவுநீர்க் குழிகளின் மேல் பாலிஸ்டைரின் மணிகளைப் பரப்பினார்கள். நீர்ப்பரப்பை மணிகள் மூடிவிட்டால் கொசு முட்டையிட முடியாது, கொசுப்புழு மூச்சுவிட மேலே வர முடியாது. மாத்திரையோடு கொசுவையும் அடக்கிய ஊர்களில் கிடைத்த பலன் நிலைத்தது. மாத்திரை மட்டும் பெற்ற ஊர்களில் அது நின்றபின் தொற்று திரும்பத் தலைகாட்டியது. 2007-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழிலேயே இது வெளிவந்தது. நம் மண்ணில், நம் ஆராய்ச்சியாளர்கள் காட்டிய முடிவு. அதற்குப் பிறகும் தேசியத் திட்டத்தில் கொசுக்கட்டுப்பாடு உரிய இடம் பெறவில்லை. காரணம் புரிகிறது. மாத்திரைக்கு ஒருநாள் போதும், படம் எடுக்கலாம், எண்ணலாம். கழிவுநீருக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும், ஒப்பந்தம் வேண்டும், பாதாளச் சாக்கடை வேண்டும்.

டெங்கு வந்த பிறகு கவனம் இன்னும் திசைமாறிவிட்டது. வீடுவீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் பூந்தொட்டித் தட்டையும் தண்ணீர்த் தொட்டியையும் பழைய டயரையும் பார்க்கிறார்கள். டெங்கு கொசு அங்கேதான் வளரும், அது சரி. ஆனால் க்யூலெக்ஸ் வளர்வது மூடி உடைந்த வடிகாலிலும், குழாய் மூடாத செப்டிக் டேங்கிலும், தூர்வாராத கால்வாயிலும். செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய்க்கு வலை கட்டுவது செலவே இல்லாத வேலை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தெருக்களில் எத்தனை வீடுகளில் அது இருக்கிறது என்று யாரும் மாடியில் நின்று பார்க்கலாம்.

வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி மிகுந்த கவனத்தோடு பேச வேண்டும். தொழிற்பேட்டையின் லேத்துகளையும் வார்ப்பு உலைகளையும் இயக்குகிறவர்களில் பலர் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்தவர்கள். யானைக்கால் மாத்திரை இன்னும் கொடுக்கப்படும் மாநிலங்கள் அவை. அவர்களில் சிலரின் ரத்தத்தில் நுண்புழு இருக்கலாம். அது அவர்கள் குற்றம் அல்ல, தண்டனைக்கோ விரட்டுவதற்கோ காரணமும் அல்ல. ஒரு நுண்புழுக்காரர் வந்ததால் நோய் பரவாது, அவரைச் சுற்றிச் சாக்கடைக் கொசு பெருகினால் மட்டுமே பரவும். அவர்களுக்குத் தங்குமிடத்திலேயே, அவர்கள் மொழியில் விளக்கி, ஒப்புதலோடு சோதனையும் இலவச மருந்தும் தருவது அவர்களுக்குச் செய்யும் மருத்துவம், ஊருக்குச் செய்யும் பாதுகாப்பு. சோதனை முடிவு முதலாளி கைக்குப் போகக் கூடாது.

ஏற்கெனவே கால் வீங்கியவர்களை இந்தத் திட்டம் நடத்தும் விதம்தான் என்னை மிகவும் வருத்துவது. உலகத் திட்டத்தின் தூண்கள் இரண்டு. பரவலை நிறுத்துவது ஒன்று, பாதிக்கப்பட்டவருக்குச் சிகிச்சை தருவது மற்றது. ஒரு நாடு ஒழிப்புச் சான்று பெற இரண்டையும் காட்ட வேண்டும். டி.இ.சி. புழுவைக் கொல்லும், சிதைந்த நிணநீர் நாளத்தைத் திருப்பித் தராது. காலில் வரும் ஒவ்வொரு காய்ச்சல் தாக்குதலுக்கும் பெரும்பாலும் காரணம் விரலிடுக்கின் வெடிப்பு வழியே நுழையும் பாக்டீரியா. ஒவ்வொரு தாக்குதலும் வீக்கத்தை இன்னும் ஒரு படி ஏற்றும். சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு தினமும் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்து, களிம்பு தடவி, காலை உயர்த்தி வைத்து, பொருத்தமான செருப்பு அணிந்தால் தாக்குதல்கள் வெகுவாகக் குறையும் என்று பிரேசிலின் ரெசிஃபெ நகரில் மருத்துவர் ஜெருசா டிரேயர் நோயாளிகளைக் கொண்டே காட்டினார். கேரளத்தின் காசர்கோட்டில் மருத்துவர் நரஹரியின் நிறுவனம் தோல் மருத்துவத்தையும் ஆயுர்வேதத்தையும் யோகப் பயிற்சியையும் சேர்த்து வீக்கத்தையே குறைக்கிறது. இதே புழுவால் ஆண்களுக்கு வரும் விரைவீக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை உண்டு, அது மாவட்ட மருத்துவமனையில் செய்யக்கூடியது.

தமிழ்நாடு அரசு நான்காம் நிலை வீக்கம் உள்ளவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறது. பல மாநிலங்கள் செய்யாததை இங்கே செய்கிறார்கள். ஆனால் நான்காம் நிலைக்கு வந்த பிறகுதான் உதவி என்றால், இரண்டாம் நிலையில் இருப்பவரை அங்கேயே நிறுத்தும் பராமரிப்பு யார் பொறுப்பு? கால் வீங்கிய பெண் ஒருத்தி கல்யாண வீட்டில் கடைசி வரிசையில் உட்காருகிறாள், சேலையை இழுத்து விட்டுக்கொள்கிறாள், பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கிறது. அவளுக்கு ஒழிப்பு எந்த ஆண்டு வந்தது?

என் தீர்ப்பு இது. ஊர் முழுவதற்கும் மாத்திரை கொடுத்த முடிவு சரி. அதைச் சான்றோடு தொடங்கி, ஆண்டுக்கணக்கில் நடத்தி, தமிழ்நாட்டில் பரவலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தவர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் வெற்றியை முழுவதும் மாத்திரையின் பெயரில் எழுதியதும், விழுங்கியதை அளக்காமல் கொடுத்ததை அளந்ததும், திருக்கோவிலூர் முடிவை ஒதுக்கியதும், வீங்கிய கால்களை உதவித்தொகையோடு விட்டதும் தவறுகள். பரவலை நிறுத்தியதில் திட்டம் தேறியிருக்கிறது, பராமரிப்பில் தேறவில்லை. உலக சுகாதார நிறுவனம் சான்று தருவது நாட்டுக்குத்தான், மாநிலத்துக்கு இல்லை. இந்தியா 2027-ஐ இலக்காக வைத்திருக்கிறது. அதுவரை தமிழ்நாடு சும்மா காத்திருக்கத் தேவையில்லை. சென்னை மாநகராட்சியும் ஆவடி மாநகராட்சியும் தொழிற்பேட்டைப் பகுதிகளில் கொசுக்களில் புழுச் சோதனையை ஆண்டுதோறும் நடத்தி முடிவை வெளியிட வேண்டும். ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் கால் பராமரிப்புக்கு வாரம் ஒரு நாள் ஒதுக்கி, பேசின், சோப்பு, களிம்பு, செருப்பு இலவசமாகத் தர வேண்டும். உங்கள் தெருவுக்கு இரவில் ரத்தம் எடுக்க ஊழியர் வந்தால் கதவைத் திறங்கள். உங்கள் வீட்டு செப்டிக் டேங்க் குழாய்க்கு இந்த வாரமே வலை கட்டுங்கள்.